கனடாவிலிருந்து வந்த நாணயப் பெட்டி: உருக்குவதா, விற்பதா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். டொராண்டோவில் நாற்பது வருடம் இருந்த என் சித்தப்பா காலமாகிவிட்டார். சித்தி ஏற்காட்டில் வந்து தங்கிவிட்டார். சித்தப்பா சேர்த்து வைத்த நாணயப் பெட்டியை என்னிடம் காட்டி, "நீதான் வெள்ளி தெரிஞ்சவன், பார்த்து வித்துக் குடுப்பா" என்கிறார். உள்ளே இருப்பவை: ஒரு பிளாஸ்டிக் குழலில் 2011 முதல் 2013 வரையிலான மேப்பிள் இலை நாணயம் 25, சிலவற்றில் வெள்ளைப் புள்ளி, 1974 பனாமா 20 பல்போவா ஒன்று, உள்ளங்கை அகலம், லண்டன் பெட்டியும் சான்றிதழும் உள்ள 5 பவுண்டு வெள்ளி நாணயம் 8, கனடாவின் 20 டாலர் சின்ன வெள்ளி நாணயம் 6, நியூவே என்று போட்ட வண்ண நாணயம் 3, 1984 சீன பாண்டா ஒன்று, தங்க முலாம் பூசிய அமெரிக்க கால் டாலர் 50 கொண்ட ஆல்பம், நம் தஞ்சைப் பெரிய கோயில் 1000 ரூபாய் நாணயம் ஒன்று. எல்லாவற்றையும் டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்து உருக்கிவிடலாமா? இதற்கிடையே ஒருவர், "உலகத்திலேயே 999 மட்டும்" என்று மாதம் ஒரு வண்ண நாணயம், ஒன்று 18,000 ரூபாய், 12 மாதத்துக்குச் சந்தா கட்டச் சொல்கிறார். ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார். கட்டலாமா? புள்ளியை எப்படி எடுப்பது? ஏற்காட்டுப் பனியில் இவற்றை எப்படி வைப்பது? (சேலம் வாசகர்)

பதில்:

முதலில் உலையைப் பற்ற வைக்காதீர்கள். அந்தப் பெட்டியில் உருக்கினால் பெரிதாக நட்டம் இல்லாதவையும் இருக்கின்றன, உருக்கினால் பெரும்பணம் ஆவியாகிற ஒன்றும் இருக்கிறது, உருக்கினால் சட்டப்படி குற்றமாகிற ஒன்றும் இருக்கிறது. மூன்றையும் பிரிப்பதுதான் முதல் வேலை.

நீங்கள் எழுதியிருப்பவற்றில், முலாம் பூசிய ஆல்பத்தைத் தவிர மற்றவை எல்லாம் கடையில் கொடுத்துப் பொருள் வாங்குவதற்காக அடித்தவை அல்ல. சேகரிப்பவருக்கும் வெள்ளியில் முதலீடு செய்பவருக்கும் விற்பதற்காகவே நாணயச்சாலைகள் அடிக்கிறவை. முகத்தில் டாலர், பவுண்டு என்று இருக்கும்; அந்த நாட்டில் சட்டப்படி செல்லும் பணம் என்று அறிவிப்பும் இருக்கும்; ஆனால் ஒருவர் பையிலும் புழங்காது. இப்படிப்பட்ட நாணயம் ஒவ்வொன்றுக்கும் மூன்று விலை உண்டு. உள்ளே இருக்கும் உலோகத்தின் விலை ஒன்று. முகமதிப்பு ஒன்று. அதைத் தேடுகிற சேகரிப்பாளர் கொடுக்கிற விலை ஒன்று. முதல் விலை உங்களுக்குக் கைவந்த கலை. இரண்டாவது பெரும்பாலும் அலங்காரம். மூன்றாவதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அது நாணயத்தின் மீது எழுதியிருக்காது, வாங்குகிறவர் மனதில் இருக்கும்.

கணக்குப் புரிவதற்காக வெள்ளியை கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேப்பிள் இலையில் தொடங்கலாம். கனடா நாணயச்சாலை இந்த வெள்ளி நாணயத்தை 1988 முதல் அடிக்கிறது. ஒன்று ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், சுத்தம் 99.99. இருபத்தைந்தும் சேர்த்து 777 கிராமுக்குச் சற்று மேல். இது முதலீட்டு நாணயம், லட்சக்கணக்கில் அடிக்கிறார்கள், அபூர்வம் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் உருக்க வேண்டாம் என்பேன். முழு நாணயமாக இருக்கும்வரை உலகில் எந்த வெள்ளி வியாபாரிக்கும் அதன் எடையும் தரமும் பார்த்தவுடன் தெரியும், வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கேட்க முடியும். உருக்கிக் கட்டியாக்கினால் அது பெயரில்லாத வெள்ளி. பிறகு டச், கழிவு என்று உங்களுக்குத் தெரிந்த பேரமெல்லாம் தொடங்கிவிடும். இருபத்தைந்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அந்த வருடங்களில் மேப்பிள் இலைக்குப் பதிலாக ஓநாய், கரடி, மலைச்சிங்கம், மூஸ், மான், காட்டெருமை போட்ட வரிசையும் வந்தது, ஒவ்வொன்றும் பத்து லட்சம். குழலில் அவை கலந்திருந்தால் தனியே எடுத்து வையுங்கள், இலை நாணயத்தைவிடச் சற்று கூடுதலாகப் போகும்.

ஒரு பயத்தையும் இப்போதே போக்கிவிடுகிறேன். போலி பிடிப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால், மேப்பிள் நாணயத்தின் பின்புலத்தில் ஆரக்கோடுகள் இருக்க வேண்டும், பொடி அளவில் இன்னொரு இலை முத்திரை இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அவை 2014-ல் வந்தவை. உங்களுடையது அதற்கு முந்தியது. அவை இல்லாதது இயல்பு. இருந்தால்தான் சந்தேகம்.

பனாமா நாணயம் பார்க்க மலைப்பாக இருக்கும். 61 மில்லிமீட்டர் அகலம், 129.59 கிராம், 92.5 சுத்தம், உள்ளே ஏறக்குறைய 120 கிராம் வெள்ளி. அதன் கதை உங்கள் சந்தா கேள்விக்கும் பதில் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1970-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனம் பனாமா, ஜமைக்கா, பஹாமாஸ், பப்புவா நியூ கினி போன்ற நாடுகளின் பெயரில் ப்ரூஃப் நாணயங்களை, அதாவது சேகரிப்பவருக்காகக் கண்ணாடிப் பளபளப்போடு அடிக்கிற நாணயங்களை, அடித்துச் சந்தா முறையில் விற்றது. அழகான பெட்டி, சான்றிதழ், குறிப்பிட்ட தேதிக்குள் பணம் கட்டியவருக்கு மட்டும் என்ற வாசகம். வாங்கியவர்கள் பிள்ளைகளுக்குச் சொத்து என்று நினைத்து வாங்கினார்கள். எல்லோருமே பத்திரமாக வைத்திருந்ததால் எதுவும் தொலையவில்லை. விற்க வந்தபோது எல்லோரும் ஒன்றாக வந்தார்கள், வாங்க ஆள் இல்லை. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது ஏராளமானவை உலைக்குப் போயின. இன்றும் இந்தப் பனாமா நாணயம் பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே கைமாறுகிறது. பெட்டியும் சான்றிதழும் இருந்து கண்ணாடிப் பளபளப்பு கெடாமல் இருந்தால் கொஞ்சம் கூடக் கேளுங்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

லண்டன் பெட்டி நாணயங்கள் எட்டும் இதே சாதி, கொஞ்சம் மேல்படி. 5 பவுண்டு வெள்ளி ப்ரூஃப் ஒன்று 28.28 கிராம், 92.5 சுத்தம், ஆக 26.16 கிராம் வெள்ளி. எட்டுக்கும் 209 கிராம். அரச குடும்பத்துத் திருமணம், பிறந்தநாள், பட்டமேற்பு நினைவு என்று ஒவ்வொரு வருடமும் வருகிறவை. வெளியீட்டு விலையில் பெரும்பங்கு பெட்டிக்கும் மெருகுக்கும் போன பணம், அது திரும்பி வருவது அரிது. ஆனால் பெட்டி, கேப்ஸ்யூல் (நாணயத்தை மூடியிருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு), சான்றிதழ் மூன்றும் சேர்ந்திருப்பதால் சேகரிப்பாளரிடம் போகும். நாணயத்தை ஒரு பையில், பெட்டிகளை வேறு மூட்டையில் என்று பிரித்துவிடாதீர்கள். எந்தச் சான்றிதழ் எதற்கு என்று குழம்பினால் அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

சின்ன 20 டாலர் நாணயம் விநோதமான பிறவி. 2011-ல் கனடா நாணயச்சாலை, 20 டாலர் முகமதிப்புள்ள வெள்ளி நாணயத்தை 20 டாலருக்கே விற்கத் தொடங்கியது. எடை 7.96 கிராம், கால் அவுன்ஸ். அப்போது உள்ளே இருந்த வெள்ளி 20 டாலருக்குக் கீழே. நட்டமே வராது என்று ஆட்கள் வாங்கிக் குவித்தார்கள். வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான், செல்லும் பணம் என்பதற்கும் எல்லாரும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கும் உள்ள தூரம் தெரிந்தது. பிரிட்டனிலும் 2013 முதல் 20 பவுண்டு, பிறகு 100 பவுண்டு என்று இதே மாதிரி வெள்ளி நாணயம் வந்து, அங்கேயும் வங்கிகள் வாங்க மறுத்தன. சேலத்தில் இருந்துகொண்டு இதன் முகமதிப்பை வாங்க வழியில்லை. டொராண்டோவில் உறவினர் யாராவது இருந்தால், அந்த நாணயச்சாலை இப்போது முகமதிப்புக்கு எடுத்துக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலையும் அன்றைய வெள்ளி விலையையும் பக்கத்தில் வைத்து எது கூடுதலோ அந்த வழியில் போங்கள். வெள்ளி நன்றாக ஏறிய நாளில் 7.96 கிராமின் விலையே 20 டாலரைத் தாண்டிவிடும். அப்போது கேள்வியே இல்லை.

கால் டாலர் ஆல்பத்தில் நேரம் செலவிட வேண்டாம். 1999 முதல் 2008 வரை அமெரிக்க மாநிலங்களுக்கு ஒன்றாக வந்த சாதாரணப் புழக்க நாணயத்தின் மேல் யாரோ ஒரு வியாபாரி முலாம் போட்டு விற்றது. நாணயச்சாலை அப்படி அடிக்கவில்லை. முலாம் பெயருக்குத்தான், சுரண்டினாலும் எதுவும் தேறாது. சேகரிப்பாளர் கண்ணில் அது கெடுக்கப்பட்ட நாணயம். சித்தியின் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்தப் பாண்டா. இதற்காகத்தான் உலையைப் பற்ற வைக்காதீர்கள் என்றேன். 1983, 84, 85 ஆகிய மூன்று வருடங்களில் சீனா அடித்த வெள்ளிப் பாண்டா 10 யுவான், எடை 27 கிராம், சுத்தம் 90, வருடத்துக்குப் பத்தாயிரம்தான். உள்ளே 24.3 கிராம் வெள்ளி. நம் கணக்கில் 2,430 ரூபாய். நல்ல நிலையில் உள்ள அசல், உலகச் சந்தையில் அதைப்போல் பல மடங்கு போகும். பத்தாயிரம் என்பதால் மட்டும் அல்ல. பாண்டா வரிசை ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் புதுப் படத்தோடு வருகிறது, அதை வருட வாரியாகச் சேர்க்கிறவர்கள் சீனாவிலும் வெளியிலும் ஏராளம். அத்தனை பேருக்கும் 1984 என்ற ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதனால்தான் விலை. அதனாலேயே போலியும் மலிந்து கிடக்கிறது.

அதை நீங்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்றால்: கேப்ஸ்யூலைத் திறக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில், பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒரு பக்கத்தில் உள்ள பெய்ஜிங் கோயிலின் கூரை விளிம்பு, மறுபக்கத்துப் பாண்டாவின் ரோமம், எழுத்தின் ஓரம் மூன்றும் கத்தி மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும். சோப்புக் கட்டியில் செதுக்கியதுபோல் மழுங்கி இருந்தால், பளபளக்க வேண்டிய வெற்றுப் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால், வார்ப்புப் போலி என்று சந்தேகப்படலாம். கேப்ஸ்யூல் இல்லாமல் வெறுமனே இருந்தால், ஓரத்தைப் பிடித்து எடை மட்டும் போடுங்கள். 27 கிராமுக்கு அரைக் கிராம் விலகினாலே கவலை. பின்னால் சொல்லும் தண்ணீர்ச் சோதனை, டச், உரைகல் எதுவும் இதற்கு வேண்டாம். கண்ணுக்குத் தேறினால் தரம்பிரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்புவது நியாயமான செலவு. அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டுக்கும்தான் உலகச் சந்தையில் செல்வாக்கு. அசல்தானா என்று பார்த்து, 70 புள்ளிக்கு இத்தனை என்று தரம் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து எண்ணோடு தருவார்கள். அனுப்பும் செலவு, காப்பீடு, திரும்ப வரும்போது சுங்கத்தில் என்ன ஆவணம் கேட்பார்கள் என்பதையெல்லாம் அனுப்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டியில் அந்தச் செலவைத் தாங்குகிற நாணயம் இது ஒன்றுதான். மேப்பிளையோ லண்டன் நாணயத்தையோ அனுப்பினால் கட்டணம்கூடத் திரும்பாது. புதிய நாணயங்களில் பெரும்பாலானவை 69, 70 என்றுதான் தரம் வாங்கும். எல்லோரும் முதல் வகுப்பில் தேறினால் முதல் வகுப்புக்கு என்ன மதிப்பு?

தஞ்சை நாணயத்தை உருக்கவே கூடாது. பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியிட்டது, 35 கிராம், 80 பங்கு வெள்ளி, 20 பங்கு செம்பு. உள்ளே 28 கிராம் வெள்ளி. இந்திய அரசு வெளியிட்ட எந்த நாணயத்தையும் உருக்குவதும் சிதைப்பதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் உருக்கினால் நட்டம். தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிற நாணயங்களில் இது ஒன்று. எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு வந்த 100 ரூபாய் நாணயங்களையும் அதே ஆசையோடு தேடுகிறார்கள். அவற்றில் வெள்ளி பாதிதான்: 50 வெள்ளி, 40 செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. டச் பார்த்து விலை சொல்லும் கடையில் அது மட்டமான சரக்கு. சேகரிப்பாளர் மேசையில் கௌரவமான நாணயம். இந்திய நாணயங்களை விற்பவரிடம் வாங்குவதைவிட, வெளியீடு அறிவிக்கும்போது அரசு நாணயச்சாலையிலேயே பதிவு செய்து வெளியீட்டு விலைக்கு வாங்குவது நல்லது. நாணயம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சந்தாவுக்கு வருகிறேன். ஏற்கெனவே பெட்டியில் இருக்கும் நியூவே நாணயம் மூன்றையும் வைத்தே பேசலாம். நியூவே தென் பசிபிக்கில் ஒரு தீவு. மக்கள் தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. அங்கே கடையில் புழங்குவது நியூசிலாந்து டாலர். ஆனால் அதன் பெயரில் வருடாவருடம் கார்ட்டூன், சினிமா, விலங்கு, ராசி என்று எத்தனையோ வெள்ளி நாணயங்கள் வெளியாகின்றன. அடிப்பவை வெவ்வேறு நாட்டு நாணயச்சாலைகளும் தனியார் நிறுவனங்களும். தீவுக்கு உரிமத் தொகை போகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை. வெள்ளி அசல், சட்ட அந்தஸ்தும் அசல். ஆனால் 999 என்ற எண்ணுக்கு அது கொடுக்கும் அர்த்தம்தான் தவறு.

அச்சடித்த எண்ணிக்கை குறைவு என்பதைத் தேவையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இரண்டு நாணயங்களைப் பாருங்கள். அமெரிக்காவின் வெள்ளிக் கழுகு 1986 முதல் ஒவ்வொரு வருடமும் வருகிறது. அதன் ப்ரூஃப் வடிவத்தை வருடம் தவறாமல் வாங்குகிறவர்கள் பெருங்கூட்டம். 1995-ல் பத்தாவது ஆண்டு நினைவாக வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையில் W குறியோடு ஒரு வெள்ளிக் கழுகு அடித்தார்கள். அதைத் தனியாக விற்கவில்லை. நான்கு தங்க நாணயத்தோடு சேர்த்து 999 டாலர். தங்கத்துக்குப் பணம் இல்லாதவர்கள் விட்டுவிட்டார்கள். விற்றது 30,125. வரிசையை முழுமையாக்க வேண்டும் என்று துடிக்கிற அத்தனை பேருக்கும் அந்த ஒன்று தேவை; அதனால் இன்று ஆயிரக்கணக்கான டாலர். இன்னொன்று பிரிட்டனின் 2009 கியூ தோட்டம் 50 பென்ஸ். அது புழக்க நாணயமே. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் அடித்தார்கள். நம் 999-ஐப்போல் 210 மடங்கு. ஆனால் சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற லட்சக்கணக்கானோர் அதைத் தேடுவதால் முகமதிப்பைப்போல் நூறு மடங்குக்கு மேல் போகிறது. அதே படத்தை 2019-ல் நினைவுத் தொகுப்பில் மீண்டும் அடித்து விற்றார்கள். படத்தை மறுபடி அடிப்பது நாணயச்சாலையின் கையில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். உங்களிடம் விற்க வருகிற 999 நாணயத்தைத் தேடுகிறவர்கள் ஐந்நூறு பேர்தான் என்றால், அது அபூர்வம் அல்ல, மீதம்.

அந்த 999-ஐயும் உரித்துப் பாருங்கள். பெரும்பாலும் வண்ணம் பூசியது 999, முலாம் போட்டது 999, பழமை நிறம் ஏற்றியது 999, இரண்டு அவுன்ஸில் 500 என்று ஒரே படம் நாலு உருவில் வரும். சொல்வது ஒன்றின் எண்ணிக்கை மட்டும்.

பணக் கணக்கு இதைவிடத் தெளிவு. ஒரு அவுன்ஸ் நாணயம் 18,000. உள்ளே வெள்ளி 3,110. பன்னிரண்டுக்கு நீங்கள் கட்டுவது 2,16,000. கையில் வருவது 37,320 ரூபாய் வெள்ளி. வெள்ளி இரண்டு மடங்கானாலும் 74,640. வித்தியாசம் முழுவதையும், இந்தப் படம்தான் வேண்டும் என்று கேட்கிற யாரோ ஒருவர் கொடுத்தால்தான் உங்களுக்கு முதல் திரும்பும். விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஒரு வருடம் கழித்து இதை நீங்களே என்ன விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள், எழுதித் தருவீர்களா? எழுதித் தர மாட்டார். இரட்டிப்பாகும் என்று நிஜமாகவே நம்புகிறவர் அதை உங்களுக்கு விற்கத் தேவையில்லையே. படம் பிடித்திருக்கிறது, மேசையில் வைத்து ரசிக்க வேண்டும் என்றால் ஒன்று வாங்குங்கள், அது செலவு. சேமிப்பு என்று நினைத்து வாங்காதீர்கள். வருடா வருடம் ஏதாவது வாங்க ஆசை இருந்தால் கழுகு, பாண்டா, பெர்த் நாணயச்சாலையின் குக்கபரா, மெக்சிகோவின் லிபர்டாட் போன்று நீண்ட வரிசையும் பெரிய கூட்டமும் உள்ளவற்றை, வெள்ளி விலைக்கு அருகில் கிடைக்கும்போது வாங்குங்கள்.

விலை பார்க்கிற முறை பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் ஒருவர் கேட்கிற விலை விலையே அல்ல. ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி உண்டு. அதைப் போட்டு, கடைசி மூன்று மாதத்தில் முடிந்த பத்து விற்பனையைக் குறித்து, மிக மேலும் மிகக் கீழும் உள்ள இரண்டிரண்டைத் தள்ளி, மீதியின் நடுவைப் பாருங்கள். அதில் தளக் கட்டணம், அஞ்சல், காப்பீடு கழிந்தால் உங்களுக்கு வருவது.

போலிச் சோதனை உங்கள் பட்டறையிலேயே செய்யலாம், மேப்பிளுக்கு மட்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் நாணயத்தை எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், நாணயம் தள்ளிய தண்ணீரின் எடை. 31.1 கிராம் சுத்த வெள்ளி 2.96 கிராம் காட்டும். வெள்ளி முலாம் போட்ட செம்பு-நிக்கல் 3.49 அருகில், பித்தளை 3.66 அருகில் காட்டும். நாணயத்தில் நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும், தட்டிவிட்டுப் பாருங்கள். டச் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மேல்தோலை மட்டும் படிப்பதால் தடித்த முலாமில் ஏமாறும். இந்தச் சோதனை உள்ளே வரை சொல்லும். ப்ரூஃப் நாணயத்தைத் தண்ணீரில் போடாதீர்கள், உலர்ந்த துளி ஒவ்வொன்றும் தழும்பாகும்.

வெள்ளைப் புள்ளியை எடுக்க முயல வேண்டாம். பால் புள்ளி என்பார்கள். வில்லையை, அதாவது படம் அடிப்பதற்கு முன் வெட்டிய வெறும் வட்டத் தகட்டை, வாட்டிக் கழுவும் கட்டத்தில் தங்கிய ரசாயனம் பின்னால் வெளிப்படுவது என்பதே பொதுவான விளக்கம். சேலம் உருக்காலை நம் நாணயங்களுக்கு வில்லை வெட்டித் தந்த ஊர்க்காரருக்கு வில்லை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. படம் விழுவதற்கு முன்பே வில்லையில் படிந்த குறை, படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். 2018 முதல் கனடா நாணயச்சாலை இதைத் தடுக்கும் மேற்பரப்புப் பக்குவம் ஒன்றைச் செய்கிறது. உங்களுடையது முந்தியது. வெள்ளி விலைக்கு விற்கும் நாணயத்தில் புள்ளியால் பைசா குறையாது. தேய்த்தால் குறையும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உங்கள் தொழில். மங்கிய கொலுசைக் கண்டால் உங்கள் கை தானாகப் பூந்திக்கொட்டைத் தண்ணீருக்கும் பித்தளைப் பிரஷுக்கும் போகும். கொலுசுக்கு அது மெருகு. ப்ரூஃப் நாணயத்துக்கு அது மரணம். அந்தக் கண்ணாடிப் பரப்பில் மெத்தென்ற பருத்தித் துணியை ஒருமுறை இழுத்தாலே மயிரிழைக் கீறல் விழும். விளக்குக்கு அடியில் சாய்த்தால் வலை மாதிரி தெரியும். கழுவிய நாணயம் என்று பார்த்தவுடன் வாங்குபவர் வெள்ளி விலைக்கு இறங்கிவிடுவார். கறுப்பு நீக்கும் ரசாயனத்தில் முக்குவதும் அப்படியே. அது அழுக்கோடு மேற்பரப்பையும் கரைக்கும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: பழைய மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்த பச்சைப் பிசுக்கு. அந்த உறை பி.வி.சி. ஆக இருந்தால் அதிலிருந்து கசியும் எண்ணெயும் அமிலமும் நாணயத்தில் உள்ள செம்பைத் தின்னும். விட்டால் குழி விழும். சுத்தமான அசிட்டோனை, நகப்பூச்சு நீக்கியை அல்ல, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, நாணயத்தை ஓரம் பிடித்து உள்ளே வைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, இன்னொரு கிண்ணத்துப் புது அசிட்டோனில் அலசி, டிஷ்யூ மேல் தானாக உலரவிடுங்கள். துடைக்காதீர்கள். பட்டறையில் செய்யாதீர்கள், ஊதுகுழல் எரிகிற இடத்தில் அசிட்டோன் ஆவி வெடிக்கும். நியூவே வண்ண நாணயங்களை அதில் போட்டால் வண்ணம் கரைந்துவிடும். பாண்டாவைப் போடவே வேண்டாம்.

பட்டறையில் வைக்கவும் கூடாது. திராவக ஆவி ஒரு வாரத்திலேயே வெள்ளியைப் பழுப்பாக்கும். ஏற்காட்டில் வைப்பதானால், மலையில் மழையும் பனியும் தொடர்ந்து இறங்குகிற மாதங்களில் மர அலமாரிக்குள்கூட ஈரம் நிற்கும். ஒவ்வொரு நாணயத்தையும் அதன் அளவுள்ள கெட்டி அக்ரிலிக் கேப்ஸ்யூலில் போட்டு, ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகா டப்பாவில் அடுக்கி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். நிறம் மாறியதும் பொட்டலத்தை மாற்ற வேண்டும். அந்துருண்டை வேண்டாம். ரப்பர் பேண்ட் வேண்டாம். அதிலுள்ள கந்தகம் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும். அட்டைப் பெட்டியும் செய்தித்தாளும் வேண்டாம். லண்டன் பெட்டிகளையும் சான்றிதழ்களையும் தனி உறையில் எண் போட்டு வையுங்கள். வங்கி லாக்கர் சேலத்தில் எடுத்தால் பாண்டாவையும் தஞ்சை நாணயத்தையும் அங்கே வையுங்கள்.

விற்கிற வரிசை இப்படி இருக்கட்டும். மேப்பிள், பனாமா, லண்டன், 20 டாலர், நியூவே எல்லாம் சேர்த்து உள்ளே சுமார் 1,248 கிராம் வெள்ளி. நியூவே மூன்றும் ஒரு அவுன்ஸ்தானா என்று அதன் விளிம்பில் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அன்றைய விலையில் அது எவ்வளவு என்று எழுதிவைத்தால், அதுவே சித்திக்கு வர வேண்டிய குறைந்தபட்சத் தொகை. எந்த வியாபாரி அதற்குக் கீழே மொத்தமாக விலை பேசினாலும் எழுந்து வந்துவிடலாம். மொத்தமாகத் தந்தால் நல்ல விலை என்று சொல்பவருக்கு அந்த மொத்தத்தில் பாண்டா இருப்பது தெரியும். அதை ஒருபோதும் மற்றதோடு சேர்த்துக் காட்டாதீர்கள். சென்னை, பெங்களூரு நாணயக் கண்காட்சிகளிலும் ஏல நிறுவனங்களிலும் தரம்பிரித்த பிறகு தனியாகக் கொடுங்கள். ஏலத்தில் குறைந்தபட்ச விலையும் அவர்கள் எடுக்கும் கமிஷனும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு நாணயம் வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. அந்நியச் செலாவணி விதிகள் வெளிநாட்டு நாணயங்களுக்கு, நோட்டுகளைப்போல் வரம்பு வைக்கவில்லை. ஆனால் இவை சித்தியின் சொத்து. பெட்டியை மலையிலிருந்து இறக்குவதற்கு முன்னால், அவர் எதிரிலேயே ஒவ்வொரு நாணயத்தையும் இருபுறமும் படமெடுத்து, எடையோடு பட்டியல் எழுதி, இரண்டு பிரதியில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு எடுத்து வாருங்கள்.